சோண்டா வீசிய நாளில் ஒரு விருந்து

காலை எட்டு மணிக்கே சோண்டா இறங்கிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் பனியாகக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் சூடாகவும் வறட்சியாகவும் வந்து கதவைத் தட்டுகிற காற்று அது. அது வீசும் நாளில் லாஸ் ஹரியாஸ் ஊரில் நாய்கூட ஓரிடத்தில் படுக்காது. புருஷன் பெண்டாட்டி வாயைக் கொடுத்து வம்பை வாங்குவார்கள். சோண்டாவில் கொடுத்த வாக்கு சோண்டாவோடு போச்சு என்பது அந்த ஊர்ப் பேச்சு.

எடெல்மிராவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கதவிடுக்கில் ஈரத்துணி செருகினாள், எடுத்தாள், மறுபடி செருகினாள். தலை விண்விண்ணென்று தெறித்தது. அவளுடைய சாப்பாட்டுக் கடைக்கு ஐந்து மேசை, கொல்லையில் கூண்டு மாதிரி மூடிய ஒரு மண் அடுப்பு. அந்த அடுப்பில் வேகும் ஆட்டுக்குட்டிக்காகத்தான் ஜனங்கள் மலை ஏறி வந்தார்கள். வந்தார்கள் என்றால், முன்பு. மூன்று வருஷத்துக்கு முன் பக்கத்து வீட்டு அனீபல் கேஸ் அடுப்பும் கண்ணாடி ஜன்னலுமாக ஒரு கடை போட்டு, ரோட்டிலிருந்து பார்த்தால் இவள் கடைப் பெயர்ப்பலகை தெரியாதபடி தன் பலகையை நட்டான். அன்றோடு பேச்சு நின்றது.

கீழே பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டமும் ஒயின் ஆலைகளுமாகக் கிடக்கிறது. அங்கே வருகிற விருந்தாளிகளிடம், மலையில் எங்கே சாப்பிடலாம் என்று அச்சடித்த ஒரு தாளை ஆலைக்காரர்கள் கொடுப்பார்கள். அந்தத் தாளைத் தயாரிக்கிற மகாலி இன்று மதியம் ஆறு பேரோடு வருகிறாள். லாஸ் ஹரியாஸுக்கு அதில் இடம் ஒன்றே ஒன்று. தாள் இன்று ராத்திரி அச்சுக்குப் போகிறது. அதில் பெயர் வராவிட்டால் எடெல்மிரா கடையைச் சாத்திவிட்டு, ஏதாவது ஒரு ஆலையின் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரிக்கப் போக வேண்டியதுதான். ஐம்பத்து மூன்று வயதில்.

தீயணைப்புத் தொண்டர்களின் ஜீப் ஒலிபெருக்கி வைத்துத் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. இன்று யாரும் வெளியில் நெருப்பு மூட்டக்கூடாது. சொல்லத் தேவையே இல்லை. சோண்டாவில் நெருப்பு மூட்டுகிறவன் பைத்தியம் என்று அங்கே பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். வீட்டுக்குள் அவளிடம் இருந்ததோ காபி போடுகிற ஒற்றை பர்னர். முந்தின நாளே பூண்டும் ஓரிகானோவும் தடவி ஊறவைத்த ஆடு தட்டில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்கு, ஆனது ஆகட்டும் என்று மூட்டிவிட்டாள். காய்ந்த திராட்சைக் கொடியாகப் பார்த்துப் போட்டாள். புகை அதிகம் வராது. அடுப்பு வாயைத் தகரத்தால் மூடி, அதற்குக் கல்லை முட்டுக் கொடுத்து, சூடேறியதும் ஆட்டை உள்ளே வைக்கலாம் என்று பக்கத்திலேயே நின்றாள்.  பத்து நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரே வீச்சில் தகரம் பறந்தது. தீப்பொறி கொத்தாகக் கிளம்பிச் சுவரைத் தாண்டிக் கிழக்கே போனது. கிழக்கே அனீபலின் நாணல் கூரை, எட்டு மாதமாக மழை காணாதது.

யோசிக்க நேரமிருந்திருந்தால் என்ன செய்திருப்பாளோ, அவளுக்கே தெரியாது. இரண்டு வாளித் தண்ணீரையும் அடுப்புக்குள் வீசினாள். சுட்ட மண்ணில் பச்சைத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் வீசினாள். அடுப்பு படீரென்று வெடித்தது. மேல்பாதி உள்ளே சரிந்தது. அவள் மாமியார் காலத்து அடுப்பு.

சுவருக்கு மேலே அனீபலின் தலை தெரிந்தது. ஈரச் சாக்கால் தன் கூரையை அடித்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகப் பார்த்தானோ தெரியவில்லை. கீழே இறங்கி, கொல்லை வாசல் வழியாக முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வந்தான்.

"ஆட்டைக் குடு," என்றான்.

"உன் அடுப்புல என் ஆடா?"

"அடுப்புக்கு யார் வீட்டு ஆடுன்னு தெரியாது. குடு."

மகாலியின் வேன் வந்தபோது எடெல்மிரா முகத்தில் கரி. ஊறுகாய் போட்ட முயல்கறி, ஆலிவ், நேற்றைய ரொட்டி, வெங்காயம் போட்ட தக்காளி என்று ஜாடி ஜாடியாக எடுத்து வைத்து இரண்டு மணி நேரத்தை ஓட்டினாள். விருந்தாளிகளும் காற்றில் நிலைகொள்ளாமல் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தார்கள். கடைசியில் அனீபல் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். எலும்பு வரை சப்பினார்கள்.

மகாலி பென்சிலை எடுத்தாள். இப்படி ஒரு ஆட்டை மண் அடுப்பில்தான் வேகவைக்க முடியும் என்றாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எடெல்மிராவுக்கு அந்த ஆசை வரத்தான் செய்தது.

"வெந்தது இவன் கேஸ் அடுப்புலம்மா," என்றாள். "என்னோடது இன்னைக்கு உடைஞ்சு போச்சு. நானே உடைச்சேன்."

மகாலி கொல்லைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் வாடியிருந்தது. "அடுப்பில்லாத வீட்டுக்கு ஆளை எப்படிக்கா அனுப்புறது?"

"அவ பேரை எழுதுங்க," என்றான் அனீபல், எலும்புத் தட்டுகளை அடுக்கியபடியே. "சீசனுக்கு அஞ்சு வாரம் இருக்கு. அதுக்குள்ள அடுப்பு வந்துரும்."

"யாரு கட்டுவா?" என்றாள் மகாலி.

அவன் தட்டுகளை வைத்துவிட்டுப் போய்விட்டான். மகாலி எதையோ எழுதிக்கொண்டாள்.

அன்று முழுக்க எடெல்மிரா உட்காரவே இல்லை. மகாலி எழுதியது தன் பெயராக இருந்தால் ஒரு பயம், இல்லாவிட்டால் ஒரு பயம். அடுப்பு கட்டுவது தனி ஆளால் ஆகிற வேலையா? சோண்டாவில் சொன்ன சொல்லை நம்பிப் பெயரை அச்சில் ஏற்றினால் ஊர் சிரிக்கும். அவன் மேல் கோபம் வந்தது. அவன் இல்லாவிட்டால் இந்த ஆசையே இருந்திருக்காது.

விடிந்தபோது காற்று நின்று, குளிர் இறங்கியிருந்தது. போனில் மகாலியின் செய்தி ஒன்று கிடந்தது: உங்க பேர்தான் அக்கா, அச்சாகிவிட்டது. அவள் சந்தோஷப்படவில்லை. நேரே போய்க் கொல்லைக் கதவைத் திறந்தாள்.

அனீபல் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக் குழியில் வைக்கோல் கலந்த சேற்றை மிதித்துக்கொண்டிருந்தான். உடைந்த மண்ணெல்லாம் ஓரமாக ஒதுக்கியிருந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் கிட்டே போனாள். சேற்றைப் பார்த்தாள்.

"வைக்கோல் பத்தாது," என்றாள்.

காற்றில்லாத நாளில் அவனிடம் அவள் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவன் தலையாட்டினான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வைக்கோல் எடுக்கப் போனாள்.