நூற்று நாற்பது பப்பாளிகளும் நான் அடித்த ஒரு வரியும்

1

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையிலிருந்து பிறந்தது. அதை எழுதியவன் நான். 2006இல் தாம்பரத்தில் ஓர் அரசு விவசாய அலுவலகத்தில் உதவியாளனாக இருந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். 'பப்பாளியில் வளையப்புள்ளி நோய்: விவசாயிகள் செய்ய வேண்டியவை' என்பது தலைப்பு. அச்சில் வந்த என் முதல் படைப்பு.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: 'முடிச்சூர் வயல்களின் மேல் கருமேகங்கள்...' [மேகம் இருந்ததா என்று நினைவில்லை. விட்டுவிட்டேன்.]

2

காந்தாவுக்கு முடிச்சூரில் அறுபது சென்ட் நிலம், நூற்று நாற்பது பப்பாளி மரம். மூன்று பக்கமும் மனை பிரித்துக் கல் நட்டுவிட்டார்கள். நாலாவது பக்கம் ஏசுதாசனின் பப்பாளித் தோப்பு.

அந்த வருடம் நோய் வந்தது. இலை நூலாகச் சுருங்கியது, காயில் வளையம் வளையமாகப் புள்ளி விழுந்தது. மருந்து கிடையாது. மரத்தை வேரோடு எடுத்தால் மரத்துக்கு இவ்வளவு என்று இழப்பீடு தருவதாகத் திட்டம். நாங்கள் போய், நிற்கிற மரங்களை எண்ண வேண்டும், அப்புறம்தான் வெட்ட வேண்டும்.

துண்டறிக்கை கொடுத்து ஒரு மாதம் கழித்துப் போனோம். காந்தாவின் நிலத்தில் ஒரு மரமும் இல்லை.

"மரம் எங்கம்மா?"

"இன்னா சார் இப்டி கேக்குற? நோட்டீஸ்ல போட்டுக்கீதே, ஒரு நாள்கூட தாமதிக்காதேன்னு. அப்பவே எடுத்து எரிச்சிட்டேன். பச்ச மரம், பத்தவே மாட்டேன்னுச்சு. ரேஷன் கிருஷ்ணாயில் பூரா ஊத்தி, எரிஞ்சு முடிய மூணு நாளாச்சு."

குழிகளையும் சுண்ணாம்பு தூவி மூடியிருந்தாள். அதுவும் நோட்டீஸில் இருந்ததுதான்.

[முந்தைய வரைவில் இந்த இடத்தில் அவளை அழ வைத்தேன். அவள் அழவில்லை.]

3

இனி மறைக்க முடியாது. என் கையெழுத்துப் பிரதியில் இன்னொரு வரி இருந்தது: 'அலுவலர் வந்து எண்ணிய பிறகே மரங்களை அகற்றவும்.' நான்தான் அதைக் கோடு போட்டு அடித்தேன். 'தாமதிக்காதீர், பிடுங்குவீர், எரிப்பீர்' என்று ஓடிய நடையில் அது காலை இடறியது. மேலதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.*

மற்றவர்கள் அந்தத் தாளில் பஜ்ஜி எண்ணெய் துடைத்தார்கள். அவர்களின் மரங்கள் நோயோடு நின்றன, ஆகவே இழப்பீடு உண்டு. காந்தா ஒருத்திதான் எழுத்துக்கூட்டிப் படித்தாள், படித்ததை நம்பினாள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என் வினை அவளைச் சுட்டது. வெட்கமாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

பணம் வராவிட்டால் புதுக் கன்று வைக்க அவளுக்கு வழியில்லை. மனைக்காரர்கள் முன்பணத்தோடு இரண்டு தடவை வந்துபோயிருந்தார்கள்.

* அவரைக் குறை சொல்லவில்லை. என்னை அதுவரை யாருமே படித்ததில்லை.

4

எங்களைப் பார்த்து ஏசுதாசன் வந்தார். அவர் தோப்பில் பாதிக்கு நோய். நோய் விழுந்த மரங்களில் காந்தாவின் வரப்பை ஒட்டி நின்றவற்றைக் காட்டினார்.

"அந்த நாலு வரிசை தங்கச்சியோடது சார். அது பேர்ல எழுதிக்க."

"பொய் சொல்லாதண்ணா" என்றாள் காந்தா.

"இன்னா பொய்யி? நீ அன்னிக்கு எரிக்கலன்னா என் தோப்பு மொத்தமா போயிருக்கும். இப்ப பாதிதான போச்சு."

அவருக்கும் அந்தப் பணம் வேண்டியதுதான். வீட்டுக்குத் தளம் போடாமல் நிறுத்தி வைத்திருந்தார். நான் படிவத்தை விரித்தேன்.

காந்தா கேட்டாள்: "நீ இன்னா சார் சொல்ற? எழுதறவன் நீதான?"

5

முடிவு ஒன்று. 'நிற்கும் மரங்கள்: இல்லை' என்று எழுதினேன். காந்தா நிலத்தை விற்றாள். [விதிப்படி சரி. எனக்கு மனசு வரவில்லை.]

முடிவு இரண்டு. அடித்த வரியைப் பற்றி மேலதிகாரியிடம் ஒப்புக்கொண்டேன். அவர் மனமிளகி, என் தோளில் கை வைத்து... [முப்பது வருட சர்வீஸில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.]

மூன்றாவதுதான் நடந்தது. அதை எழுத மாட்டேன். பொய்யாக எழுதிய ஊழியனின் பென்ஷனை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாமாம். என் மனைவி புஷ்பலதாவின் மாத்திரை அதில்தான் வருகிறது.

ஆகவே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நாலு வரிசையில் மொத்தம் நாற்பத்தெட்டு மரம். நானே எண்ணினேன், ஒன்றைக்கூட விடவில்லை.