பதினோரு திரைகளும் ஒரு விக்கலும்

நான்காவது நிமிடத்தில் அலாரம் அலறியது.

தலைமை நர்ஸ் ஓடி வந்தாள். தாயின் மார்பில் கிடந்த குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள். மூச்சு சீராக இருந்தது. வெறும் விக்கல். ஆனாலும் விதி விதிதான். அலாரம் அடித்தால் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு வெளியே எடுக்கக் கூடாது.

பிறந்து ஒன்பது நாள். எடை ஒரு கிலோ நூறு கிராம். சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் அந்தத் தாய் தன் மகளை வைத்திருந்ததில்லை. அங்கியின் முடிச்சைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அவளுக்கு என்னைப் பிடிக்கலையா சிஸ்டர்?"

தலைமை நர்ஸ் கண்ணாடிப் பெட்டியைச் சாத்திவிட்டு மூன்றாவது மாடிக்கு ஏறினாள். அங்கே கணினி அறையில் நிரல் எழுதுகிறவள் அவளுடைய நாத்தனார். ஒரு கமா பிசகினாலும் விடமாட்டாள் என்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குக் 'கமா' என்றே பெயர்.

விக்கலையும் மூச்சு நிற்பதையும் பிரித்துச் சொல்லும் நிரலைக் கமா எழுதி ஒரு மாதமாகிறது. டாக்டர்கள் சோதித்துக் கையெழுத்தும் போட்டாயிற்று. ஆனால் அது வெறும் லைப்ரரி, தனியாக ஓடாது; மெஷினின் நிரலோடு சேர்க்க வேண்டிய துண்டு. மெஷினை நிறுத்தினால்தான் சேர்க்க முடியும். பதினோரு குழந்தைகளின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கும் மெஷினை யார் நிறுத்துவது?

"நிறுத்தாம உள்ள வைக்க வழியே இல்லையா?"

"இருக்கு அண்ணி. பொட்டலமா கட்டணும். வருஷ சர்வீஸ் வரட்டும்னு விட்டுட்டேன்."

"வீட்ல துணி மடிக்கிறதை நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போடுவியே, அந்த மாதிரியா?"

கமா வேலையில் இறங்கினாள். பொட்டலத்தின் மேல் ஒரு சீட்டு இருக்க வேண்டும். என் பெயர் இது, நான் தருவது இது, எனக்குத் தேவையானது இது. சீட்டு சரியாக இருந்தால் மெஷின் ஓடியபடியே அதை ஏற்றுக்கொள்ளும். இரண்டரை மணி நேரத்தில் கட்டி முடித்தாள். சோதனை மெஷினில் ஏற்றினாள். கச்சிதம். டாக்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வார்டுக்கு இறங்கினாள்.

பொட்டலம் உள்ளே போனது. இயங்க மறுத்தது. 'தேவை நிறைவேறவில்லை' என்றது திரை.

கமாவுக்குச் சுருக்கென்றது. மூச்சலையைப் படிக்கும் பகுதி 'பதிப்பு இரண்டு' வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தாள். வார்டில் இருந்தது பழைய பதிப்பு ஒன்று. தன் மெஷினில் இருப்பதுதான் எல்லா இடத்திலும் இருக்கும் என்று நினைத்துவிட்டாள். அவள் நிரலுக்குப் பழையதே போதும் என்றுதான் தோன்றியது.

"அப்ப அந்த நம்பரை மாத்திட்டுப் போடேன்" என்றாள் அண்ணி.

"மாத்த ரெண்டு வினாடி போதும் அண்ணி. மூச்சு நின்னதை விக்கல்னு சொல்லிட்டா?"

மறுபடி மாடி. சோதனை மெஷினில் பழைய பதிப்பைப் போட்டாள். பதிவு செய்து வைத்திருந்த முந்நூறு விக்கல்களையும் நாற்பது மூச்சுத் தடைகளையும் ஒன்றுவிடாமல் ஓட்டிப் பார்த்தாள். ஐம்பது நிமிடம். கீழே மூன்று மணி நேரக் கெடு எப்போதோ முடிந்திருந்தது. தாய் குழந்தையைக் கேட்கவில்லை. இப்போது வாங்கி, இன்னொரு அலாரம் அடித்தால் இன்னொரு மூன்று மணி நேரம் போய்விடும் என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

முந்நூற்று நாற்பதும் சரியாக வந்தன.

கமா இறங்கி வந்து ஏற்றினாள். பதினோரு திரைகளில் பதினோரு பச்சைக் கோடுகள். ஒன்றுகூடக் கண் சிமிட்டவில்லை. 'இயங்குகிறது' என்ற ஒரு சொல் மட்டும் வந்தது.

குழந்தை தாயின் மார்புக்கு வந்தது. ஒரு நிமிடம். இரண்டு. மூன்று.

ஹிக்.

மூன்று பெண்களும் திரையைப் பார்த்தார்கள். கோடு துள்ளியது. ஓரத்தில் பொடி எழுத்தில் 'விக்கல்' என்று வந்து மறைந்தது. அலாரம் வாயே திறக்கவில்லை. அடுத்த விக்கலுக்குத் தாய் சிரித்துவிட்டாள்; சிரிப்பில் குழந்தையும் சேர்ந்து குலுங்கியது.

ஆறாவது நிமிடம் ஆனதைத் தாய் கடிகாரத்தில் பார்த்தாள். இன்னும் எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று மெல்லக் கேட்டாள்.

தலைமை நர்ஸ் போர்வையை இழுத்துக் குழந்தையின் முதுகை மூடினாள்.

"அவளுக்குப் பசிக்கிற வரைக்கும்."