ஓமுக்கு ஒரு முழம்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மண்ணில் பேய்க்குப் பயப்படாத மனிதர் ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் செட்டிபாளையத்து நல்லரத்தினம். இதை அவரே அறிவித்திருந்தார். இராணுவச் சுற்றிவளைப்பில் ஊரோடு ஊராக வெயிலில் குந்தவைக்கப்பட்டிருந்தபோதுகூடப் பக்கத்தில் இருந்தவருக்கு ஒருதரம் ஞாபகப்படுத்தினார்.

பக்கத்து வளவுக் கந்தப்போடி அப்படியல்ல. வேலியில் நின்று யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் மூன்றாம் குரலுக்குத்தான் வாய் திறப்பார். பேய் ஒருதரம்தான் கூப்பிடுமாம். அதற்கு "ஓம்" சொன்னால், அது கேட்கப்போவதற்கெல்லாம் சம்மதம் கொடுத்ததாகிவிடுமாம்.

"மூண்டு மட்டும் எண்ணத் தெரியாத பேய்க்கா மச்சான் பயப்படுறாய்?" என்பார் நல்லரத்தினம். "என்னை ஆரும் கூப்பிடட்டும். முதல் குரலுக்கே ஓம்!"

"அப்ப இதுக்கும் சொல்லன். உன்ட வேலி என்ட வளவுக்க ஒரு முழம் வந்திட்டு. ஓமா?"

அதற்கு மட்டும் நல்லரத்தினத்துக்குக் காது கேட்காது.

ஒருநாள் கந்தப்போடி வலையோடு வாவிக்குப் போனார். அக்கரையில் வெடிச்சத்தம் கேட்டது. தோணி மட்டும் கரைக்கு வந்தது. அவர் மனைவி மங்கையற்கரசி களுதாவளையில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நல்லரத்தினம் மரியாதைக்குக் கொஞ்சநாள் முகத்தைத் தொங்கப்போட்டுவிட்டு, வேலிக் கதியால்களைப் பிடுங்கி இன்னுமொரு முழம் அங்கால் நட்டார்.

மறுநாள் உச்சிவெயிலில் ஊர் அடங்கிக் கிடந்தது. வேலிப்பக்கம் ஒரு குரல்.

"நல்லரத்தினம்!"

"ஓம்!"

சோறு போட்டுக்கொண்டிருந்த மனைவி அன்னப்பூரணி நிமிர்ந்தாள். "ஆருக்கு ஓம் சொன்னயள்?"

"வேலிக்க ஆரோ கூப்பிட்டது கேக்கல்லையா?"

"ஒரு சத்தமும் இல்லையே."

போய்ப் பார்த்தார். ஆளில்லை. வேலி பழைய இடத்துக்கே வந்திருந்தது. கதியால்களின் அடியில் வாவிச் சேறு; ஓர் இலைகூட வாடவில்லை.

"பொடியன்மார்ர வேலை" என்றார், ஊர்ப் பொடியன்மாரா இயக்கப் பொடியன்மாரா என்று சொல்லாமல்.

அடுத்தநாளும் அதே குரல். வாய் முந்திக்கொண்டது. வேலி இன்னொரு முழம் இஞ்சால் வந்து, கந்தப்போடி கேட்ட இடத்திலேயே நின்றது. நியாயம் அத்தோடு முடிந்தது, பழக்கம் முடியவில்லை. அதற்கு மறுநாளும் அவர் "ஓம்" என்றார். வேலி அவருடைய சொந்த நிலத்துக்குள் இறங்கியிருந்தது. இனியொரு ஓம் சொன்னால் கிணறு அங்கால் போய்விடும். அதற்கடுத்தது சோறாக்கும் குசினி.

வேலிக்கு அந்தப் பக்கம், காய்ந்த மணலில், ஈரக் காலடி இரண்டு அவரைப் பார்த்தபடி பதிந்திருந்தன.

அன்று பின்னேரமே நல்லரத்தினம் களுதாவளைக்குச் சைக்கிள் மிதித்தார்.

"தங்கச்சி, மச்சான் கேட்ட இடத்திலேயே வேலியப் போடுவம். நாளைக்கு வந்து நிண்டு காட்டு."

"இப்ப என்ன அவசரம் அண்ணே? அவர் வரட்டுமே" என்றாள் மங்கையற்கரசி.

நல்லரத்தினம் சைக்கிளைத் திருப்பினார். "அவர் இன்னும் கிட்ட வரமுந்திச் செய்வம்."

மறுநாள் உச்சியில் வேலியடியில் குரல் கேட்டது.

"நல்லண்ணே!"

"மங்கை வந்திட்டா" என்றாள் அன்னப்பூரணி. "எங்க உங்கட ஓம்?"

நல்லரத்தினம் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு விரலை மடக்கினார்.

"நல்லண்ணே!"

இரண்டாம் விரலையும் மடக்கினார். வெளியே காற்று நின்றுபோயிருந்தது. மூன்றாவது விரலை நீட்டியபடியே வைத்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் காத்திருந்தார்.