நாணலுக்குள் ஒரு வாத்து

தையல்காரம்மா கடைசிப் பொத்தானுக்கு வந்தபோதுதான் வேட்டைக் கழகத் தலைவர் உள்ளே நுழைந்தார்.

"தங்கச்சி, இந்தச் சட்டை வேணாம்," என்றார். அவர் கையில், உடம்பெல்லாம் பை வைத்துத் தைத்த பச்சை மேல்சட்டை ஒன்று ஹேங்கரில் தொங்கியது. "கழகத்துச் சட்டை. புத்தம் புதுசு. இதைப் போட்டுத்தான் அனுப்பணும்னு ஏகமனதா தீர்மானம் போட்டிருக்கோம்."

அவள் நிமிரவில்லை. உயிர் போன கணவரின் கழுத்தடியில் கடைசி பிரஸ் பட்டனை இரண்டு விரலால் அழுத்தினாள். அது 'டக்' என்று பூட்டிக்கொண்டது.

"அவருக்கு இதுதான் பழக்கம்ணே. அதைக் காலடியில வைங்க."

தெருவில் அவளைத் தையல்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டிலில் கிடந்தவரை, குறி தப்பாமல் சுடுகிறவர் என்பதால், குறிக்காரர் என்பார்கள். தண்ணீர்வரி அலுவலகத்தில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். அங்கே அவருக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை. சுழலும் நாற்காலிகூடக் கொடுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியலில் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரிப்பக்கம் போனாரென்றால், காட்டு வாத்து இல்லாமல் வீடு திரும்பியதில்லை என்பார்கள். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது.

தலைவர் இரும்புக்கடை முதலாளி. அவர் சுட்டு எதுவும் விழுந்ததாக ஏரிக்குத் தகவல் இல்லை. ஆனால் வேட்டைக் கழகத்துக்கு நாற்காலி வாங்கிப் போட்டவர் அவர்தான் என்பதால் எந்த நாற்காலியில் உட்காருவது என்பதையும் அவரே முடிவு செய்தார். குறிக்காரர் கடைசிக் காலத்தில் வலது கையை எப்போதும் கால்சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருப்பார். பெரிய வேட்டைக்காரர்களின் லட்சணம் அது என்று கண்டுபிடித்த தலைவர், தாமும் கையை உள்ளே விட்டார். ஒரு மாதத்தில் கழகமே ஒற்றைக் கையோடு நடந்தது.

இப்போதும் அப்படித்தான் நின்றுகொண்டு, கூடத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பேசினார்.

"தோட்டா வீணானதில்லை இவர் கையில! இவர் நிமிர்ந்தா வாத்து தானா இறங்கும்! அப்படிப்பட்ட மனுசனுக்கு நாம என்ன மரியாதை செய்யப் போறோம்? இப்பவே ஏரிக்குப் போறோம். நல்ல வாத்தா அடிக்கிறோம். அடக்கம் முடிஞ்சு வர்றவங்களுக்கு அதுதான் சாப்பாடு. கூடு விட்டுப் போன உயிருக்கு அதுதான் திருப்தி!"

கூடம் தலையாட்டியது. சாவு வீட்டில் எதைச் சொன்னாலும் தலையாட்டும் கூடம்தான் அது.

மகள் மட்டும் ஆட்டவில்லை. விடிவதற்குள் பஸ் பிடித்து வந்தவள், கண் சிவந்திருந்தது. கல்லூரியில் ஒழுக்கவியல் நடத்துகிறவள். அம்மாவைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"அந்த வாத்து இந்த வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா நான் அடக்கத்துக்கு நிக்க மாட்டேன்மா. அடுத்த பஸ்ஸுல போயிடுவேன்."

"அவரு உன் அப்பாடீ."

"அப்பா பேரைச் சொல்லித்தானே கொல்லப் போறாங்க? பாவம், தன் பாட்டுக்குப் பறக்கிறதை..."

தையல்காரம்மா அடுப்பை ஒரு துணியால் துடைத்தாள். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், தலைவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவார். ஆனால் இப்போதுதான் கழுத்துவரை பொத்தான் போட்டுவிட்டு வந்த மனுஷனை, அந்த வாக்கியம் ஊர் முன்னால் அம்மணமாக நிறுத்திவிடும். துணியை மடித்து ஓரமாக வைத்தாள். வெளியே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

விஷயம் இதுதான். குறிக்காரர் எட்டு ஒன்பது வருஷமாக ஒரு ஈயைக்கூடச் சுடவில்லை.

அதற்கு முன்னால் சுட்டார். அதில் அவருக்கு வெட்கமும் இல்லை. ஒரு வாத்து, ஒரு வெடி, ஒரு சட்டி; சட்டியில் மிச்சம் வைக்கக் கூடாது. அவருடைய வேதம் அவ்வளவுதான். அதில் ஓர் உட்பிரிவு உண்டு: அடிபட்டது விழாமல் போனால், அடித்தவன் தேடிப் போக வேண்டும். "செத்ததுக்குப் பதில் சொல்லிடலாம். துடிச்சிட்டிருக்கிறதுக்கு என்னத்தைச் சொல்றது?" என்பார்.

மகளுக்கும் அவருக்கும் அப்போதே தகராறு. அவள் ஊருக்கு வந்தால் அவர் சட்டியில் கை வைக்க மாட்டாள். அவளுக்கென்று தனியாகக் கோழி வேகும். "கடைக்கோழி வேறப்பா. அதுக்குன்னே வளர்த்தது" என்பாள். "அதையேதான்டி நானும் சொல்றேன். இது நாலு நாளாவது பறந்துச்சு" என்பார் அவர். மேசைக்கு நடுவில் உப்புக் கிண்ணம் எல்லைக்கல் மாதிரி நிற்கும். அப்புறம் ஒரு கட்டத்தில் அவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். வாதத்தில் ஜெயித்துவிட்டதாக மகள் நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் முழுக்கத் திரும்பி வராமல், நெஞ்சுவரை சேறும் தண்ணீருமாகப் பொழுது சாய வந்தார். வெறுங்கை. குளியலறைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் விழும் சத்தமும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு வாத்தோடு வந்தார். "ஏரிக்கரையிலேயே இறகு பிடுங்கிட்டேன். உனக்கு எதுக்குக் குப்பை" என்றார்.

முப்பது வருஷமாகச் சமையலறைத் தரையில் இறகோடு வீசிய மனுஷன் திடீரென்று பெண்டாட்டிக்குக் குப்பை சேருமே என்று கவலைப்பட்டால், எந்தப் பெண்டாட்டிதான் நம்புவாள்? சட்டியில் ஏறியதும் இரண்டு விரல் உயரத்துக்கு எண்ணெய் மிதந்தது. பறக்கிற வாத்துக்கு ஏது அவ்வளவு கொழுப்பு? கறியில் ஈயக்குண்டு இருந்தது, உண்மைதான். ஆனால் தோலில் ஓட்டை விரல் பருமனுக்கு இருந்தது. குண்டு சுட்டு நுழையவில்லை, விரலால் அழுத்தப்பட்டு நுழைந்திருந்தது.

அன்று சாப்பிட வந்த தலைவருக்கு அந்தக் குண்டைக் கடித்து ஒரு கடைவாய்ப்பல் போனது. அதை அவர் பதக்கம்போல ஊருக்கெல்லாம் காட்டினார்.

அவள் எதுவும் கேட்கவில்லை. மிதந்த எண்ணெயை அள்ளிக் கொட்டினாள். வெளுத்த கறி கறுப்பாகும்வரை வறுத்தாள். அவர் சட்டைப் பொத்தானோடு போராடுவதை ஒருநாள் கதவிடுக்கில் பார்த்தாள். விரல்கள் மழையில் நனைந்த குருவிபோல உதறின. அன்றே எல்லாச் சட்டைக்கும் பிரஸ் பட்டன் வைத்துத் தைத்தாள். "இதான் இப்ப ஃபேஷன்" என்றாள். "அப்படியா?" என்றார். ஒரே பொய்யை இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, மற்றவருக்குத் தெரியாது என்று நினைத்தபடியே இத்தனை வருஷம் ஓட்டினார்கள். நல்ல குடித்தனம்தான்.

வாசலில் கறிக்கடைக்காரர் வந்து நின்றார். சலவைச் சட்டை போட்டிருந்ததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. உள்ளே வராமல் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

"அக்கா... அண்ணன் நம்ம கடைக்கு எப்பவாச்சும்... சும்மா பேசிட்டிருக்க வருவாரு."

"தெரியும் தம்பி. ஒரு இறகு விடாம பிடுங்கியிருப்பீங்க. அவருக்கு அந்தப் பொறுமை ஏது?"

கறிக்கடைக்காரருக்கு வாய் கோணியது. சிரிப்பு வரப்போகிறது என்றுதான் அவளும் நினைத்தாள். அழுதுவிட்டார்.

அப்போது ஜீப் திரும்பி வந்தது. தலைவரும் கழகத்தார் மூன்று பேரும் இறங்கினார்கள். தொப்பியில் இறகு இருந்தது, கையில் வாத்து இல்லை.

"என்னண்ணே?"

"அடிச்சாச்சு தங்கச்சி. நான்தான் அடிச்சேன். ரெக்கையில பட்டு விழுந்துச்சு. நாணலுக்குள்ள போயிடுச்சு. சனியன், கண்ணுல படலை. விடு, ஹோட்டல்ல சொல்லிக்கலாம். நேரமாச்சு, தூக்கலாமா?"

"உயிரோடவா போச்சு?"

"உயிரோடதான். கத்திட்டே போச்சு."

தையல்காரம்மா கூடத்துக்கு வந்தாள். கட்டிலின் தலைமாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"போய்த் தேடிட்டு வாங்கண்ணே. அதுவரைக்கும் இவர் இங்கதான் இருப்பாரு."

"என்ன தங்கச்சி! ஒரு வாத்துக்காகவா?"

"இவர் பேரைச் சொல்லித்தானே சுட்டீங்க? அடிச்சவன் தேடணும்னு இவர் சொல்லுவாரா மாட்டாரா?"

"சொல்லுவாரு. ஆனா—"

"நீங்கதான் தேடணும். நீங்கதான் முடிக்கணும். வேற யார் கையிலயும் குடுக்கக் கூடாது."

சவவண்டி ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். "அம்மா, எனக்கு அடுத்த வீடு ஒண்ணு இருக்கு."

"அங்க போயிட்டு வாங்க. இவர் ஒண்ணும் ஓடிப் போயிட மாட்டார்."

தலைவர் கூடத்தைப் பார்த்தார். கூடம் வழக்கம்போலத் தலையாட்டியது, இந்தமுறை அவளுக்கு. பளபளக்கும் பூட்சோடு அவர் மறுபடி ஜீப்பில் ஏறினார். "நானும் போறேன்கா. இவங்களை நம்பி விடக் கூடாது" என்று கறிக்கடைக்காரரும் பின்னால் தொற்றிக்கொண்டார்.

கூடம் மெல்லக் காலியானது. பசி எல்லாருக்கும் இருந்தது. அம்மாவும் மகளும் அவரும் மட்டும் மிஞ்சினார்கள்.

"நல்லா கேட்டே நீ," என்றாள் மகள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தபடியே, "இவர் மட்டும் இப்படி எத்தனையை விட்டுட்டு வந்திருப்பார்?" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு."

"உனக்கெப்படித் தெரியும்?"

தையல்காரம்மா சொன்னாள். குளியலறை, இறகு, எண்ணெய், பட்டன், கறிக்கடை, எல்லாம். துணிக்கு அளவு சொல்வதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள். மகள் ஸ்டூல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் சொன்னதாலயா நிறுத்தினாரு?"

பொய் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

"இல்லடி. கை நடுங்கிச்சு. சுத்தமா முடிக்க முடியலைன்னா தொடக்கூடாதுன்னு விட்டுட்டாரு. கை நல்லா இருந்திருந்தா நேத்துவரைக்கும் சுட்டிருப்பாரு."

மகள் அப்பாவின் கழுத்தடிப் பட்டனைத் தொட்டாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்," என்றாள். "நான் வர்றப்போ எல்லாம் அந்தச் சட்டியைப் பார்த்து மூஞ்சியைச் சுளிச்சிட்டு, என் கோழியை மட்டும்..."

"உன் கோழியும் அவர்தான் வாங்கிட்டு வருவாரு. ரெண்டும் ஒரே கடை, ஒரே பை. நீ குளிக்கிறப்போ தனித்தனியா பிரிப்பேன்."

மகள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் மூக்கு வழியாக வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்தாள். தோள் குலுங்கியது. தையல்காரம்மா அவள் பின்னலில் ஒட்டியிருந்த நூலை எடுத்தாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது ஜீப் வந்தது. தலைவரை முதலில் தெரியவில்லை. தொப்பி இல்லை. இடுப்புவரை சேறு. கன்னத்தில் நாணல் கிழித்த கோடுகள். இரு கையாலும் வாத்தை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார், தூங்கும் பிள்ளையைக் கொண்டுவருவதுபோல. சமையலறைக்கு வந்து மேடைமேல் வைத்தார்.

"கிடைச்சுதாண்ணே?"

"மூலையில ஒடுங்கிக் கிடந்துச்சு. என்னையே பார்த்துச்சு." சேற்றுக் கையை மேல்சட்டையில் துடைத்தார். "நான்தான் முடிச்சேன். கழுத்து அவ்வளவு சூடா இருக்கும்னு..." கைகளைப் பார்த்தார். "நடுக்கம் நிக்க மாட்டேங்குது தங்கச்சி."

"பாக்கெட்டுக்குள்ள வச்சிருங்க. சரியாயிடும்."

அடக்கத்தில் தலைவர் பேசவில்லை. எழுதி எடுத்து வந்த காகிதம் நனைந்துவிட்டது என்று சொன்னார்கள். பிடிமண் போட்டுவிட்டு எல்லாரும் திரும்பினார்கள்.

சமையலறையில் தையல்காரம்மா பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்து இறகு பிடுங்கினாள். விரலுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. மகள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். வாத்தின் மறுபக்க இறக்கையை விரித்துப் பிடித்தாள். உள்பக்கத்தில் பச்சையும் நீலமுமாக ஒரு பட்டை மின்னியது. அதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, பிடுங்கத் தொடங்கினாள்.

ஒற்றை வாத்து. தட்டுக்கு ஒரு துணுக்கு, ரொட்டியோடு. தலைவர், கழகத்தார், கறிக்கடைக்காரர், பக்கத்து வீட்டார், எல்லாரும் மேசையைச் சுற்றி மென்றார்கள். மென்றுகொண்டே இருந்தார்கள். இத்தனை வருஷம் கடை வாத்துக்குப் பழகிப்போன கணக்கில் தையல்காரம்மா சட்டியைச் சீக்கிரம் இறக்கிவிட்டிருந்தாள். கறி செருப்புத் தோல்போல இருந்தது. சேற்றின் மணமும் அடித்தது.

"தப்பா நினைக்காதே தங்கச்சி," என்றார் தலைவர், தாடையைத் தேய்த்தபடி. "காட்டு வாத்துன்னா அது குறிக்காரர் அடிச்சதுதான். அந்த ருசி இதுல வரலை."

"வராது," என்றார் கறிக்கடைக்காரர், தட்டைப் பார்த்துக்கொண்டு.

"அவர் கை அப்படி."

"ஆமாண்ணே," என்றாள் தையல்காரம்மா.

ஒவ்வொருவராகத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்கள். மகள் மட்டும் எழவில்லை. துணுக்கை வலப்பக்கம் கொஞ்ச நேரம் மென்றாள், இடப்பக்கம் கொஞ்ச நேரம் மென்றாள். துப்பவில்லை. அம்மா மற்றத் தட்டுகளை அடுக்கி ஓரமாக வைத்துவிட்டு, விளக்கைப் போட்டுவிட்டு, அவள் விழுங்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.