நாகஜோதியின் வெள்ளை டீ-சர்ட்

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே தைக்கிற பன்னிரண்டு பேரை, அவர்கள் தைத்த டீ-சர்ட்டையே போடவைத்துப் படம் எடுத்துத் தர அனுசுயா வந்திருந்தாள். வெளிநாட்டு வாடிக்கையாளரின் இணையதளத்துக்குப் போகிற படங்கள். உள்ளறைச் சுவரில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, முதல் ஆளாக நாகஜோதியை உட்காரவைத்தாள். ராஜபாளையத்திலிருந்து பிழைக்க வந்தவள். நல்ல கறுப்பு, அதற்கு எடுப்பாக வெள்ளை டீ-சர்ட்.

முதல் படத்தில் நெற்றியும் மூக்கும் வெளிறிப்போயிருந்தன. சட்டை வெற்றுக் காகிதம் மாதிரி இருந்தது.

மேலாளர் தனபால் எட்டிப் பார்த்தார். "பளிச்சுனு இருக்குதுங்களே! இப்படியே எடுத்துப்போடுங்க."

"இல்லீங்க. தையல் ஒண்ணுகூடத் தெரியலீங்க. அக்கா நிறமும் இது இல்லீங்க."

நாகஜோதி படத்தைப் பார்த்துவிட்டு, "எம் புள்ளைகளுக்கே என்னைய அடையாளம் தெரியாது மேடம்" என்று சிரித்தாள்.

எங்கே பிசகியது என்று அனுசுயாவுக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் இருந்த கறுப்பைப் பார்த்து அறையே இருட்டு என்று ஏமாந்த பிளாஷ், தானாகவே வெளிச்சத்தை அள்ளிக் கொட்டியிருந்தது. தானியங்கியை அணைத்தாள். பவரைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தாள். முகத்துக்கு நேராக அடிக்காமல் கூரைக்குத் திருப்பலாமென்றால், மேலே பச்சைத் தகரம், முகமும் பச்சையடிக்கும்.

"ஒரு வெள்ளைத் துணி ரோல் கிடைக்குங்களா?"

"அதுக்கா பஞ்சம்!" என்றார் தனபால்.

சட்டை மாட்டும் ஸ்டாண்டில் துணியைப் பக்கவாட்டில் விரித்து, பிளாஷை அதன்மேல் பட்டுத் திரும்பும்படி சாய்த்தாள். வெளிச்சம் மெத்தென்று வந்து விழுந்தது. இன்னும் ஒரு படி பவரைக் குறைத்து மறுபடி எடுத்தாள். வெளிச்சம் மிஞ்சி வெளிறிப்போன இடம் இருந்தால் கேமரா திரை சிமிட்டிக் காட்டும். இந்த முறை ஒரு இடமும் சிமிட்டவில்லை. நாகஜோதியின் கன்னத்து மச்சம், துணியின் நெளிவு, கழுத்துப் பட்டியின் ஒவ்வொரு தையலும் தெரிந்தன.

நாகஜோதி திரையருகே குனிந்தாள். சிரிப்பு நின்றது.

"இந்தா பாருங்க, பட்டியில ரெண்டு தையல் விட்டுப்போயிருக்கு. இதைப் போட்டுக்கிட்டா நான் உக்காருறது?"

"கண்ணுக்கே தெரியாதுங்க!" என்றார் தனபால்.

"படத்துல தெரியுதே சார்."

உடை மாற்றி, மிஷினுக்குப் போய், பட்டியைப் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். கால் மணி நேரம் ஆனது. அனுசுயா அவசரப்படுத்தவில்லை, பிளாஷையும் ஸ்டாண்டையும் அசைக்காமல் காத்திருந்தாள்.

நாகஜோதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரே படம், அதுவே போதுமானதாக இருந்தது. வாசலில் வரிசையாக நின்ற மற்ற பதினொரு பேரும் அதற்குள் தங்கள் கழுத்துப் பட்டிகளைத் தடவிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.