கோல்பே

திரை கறுத்திருக்கிறது, குரல் மட்டும் வருகிறது, கேமரா கெட்டுப்போச்சும்மா என்று அகிலா சொல்லி எத்தனையோ வாரமாயிற்று, கோவில்பட்டி வீட்டு அடுக்களையில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு செண்பகவல்லி மகள் சொல்லித்தரும் ஸ்பானியச் சொற்களைத் திருப்பிச் சொல்கிறாள், குவெர்தா என்றால் தந்தி, கொம்பாஸ் என்றால் தாளம், சிலென்சியோ என்றால் பாட்டுக்கு நடுவே விடுகிற மௌனம், ஸ்பெயினில், கிரனாதாவில் கிதார் வாசிக்கிற மாப்பிள்ளையோடு நாலு வார்த்தை பேச ஆசைப்பட்டவள் அவள்தான், பாட்டைப் பற்றிப் பேசினா அவருக்குப் பிடிக்கும்மா என்று இந்தச் சொற்களில் தொடங்கியவள் மகள். படம் தெரிந்த காலத்தில் ஒருநாள் மாப்பிள்ளை ஆல்வரோ கிதாரின் பலகையை விரல்நுனியால் தட்டிக் காட்டி, கோல்பே, என்று சிரித்தான், அகிலாவும் சிரித்தாள், அவள் கண் அவன் முகத்துக்குப் போகாமல் கையிலேயே நின்றது, அதை ஆசை என்றுதானே நினைத்தாள் செண்பகவல்லி, பிறகு கோடையிலும் கழுத்துவரை மூடிய சட்டை, பிறகு படமே இல்லை, மாப்ள வாசிக்கலையா என்று கேட்டால் தூங்குறாரும்மா, மெதுவாப் பேசு. இப்போது அங்கே யாரோ கதவைத் தட்டுகிறார்கள், கீழ்வீட்டு பிலாரம்மா, இரும்மா என்கிறாள் அகிலா, அந்த அம்மாள் படபடவென்று பேசுவதில் ஒன்றும் விளங்கவில்லை, ஒரே ஒரு சொல்தான் பிடிபடுகிறது, கோல்பே, மறுபடியும் கோல்பே, தெரிந்த சொல் காதில் விழுந்த சந்தோஷத்தில், ஏட்டி, மாப்ள வாசிச்சது அவுகளுக்குக் கேட்டுச்சாக்கும் என்றாள், யாரும் வாசிக்கலம்மா என்றாள் மகள், பிறகு என்னத்தச் சொல்லுதாக, அகிலா குரலைத் தாழ்த்தினாள், அந்தச் சொல்லுக்கு அடின்னும் அர்த்தம் இருக்கும்மா.

போனை அந்தம்மாகிட்ட குடு என்றாள், வேண்டாம்மா, அவர் வர்ற நேரம், குடுட்டி. கொடுத்தாள். கதவு, உதவி, போலீஸ் எதற்கும் செண்பகவல்லியிடம் சொல் இல்லை, இருப்பதெல்லாம் பாட்டுக்கான சொற்கள், கோல்பே, நோ, என்றாள், சிலென்சியோ, நோ, என் பிள்ள, என் பிள்ள. பிலார் எதையும் திருப்பிக் கேட்கவில்லை, படியிறங்கும் காலடிகள், இரண்டு பேருடையவை, ஒரு கதவு சாத்தப்படுகிறது, தாழ் விழுகிறது, அகிலா வாய்விட்டு அழுகிறாள், வந்துருட்டி, நம்ம வீட்டுக்கு வந்துரு, வாரேம்மா, வாரேன். பிறகு பிலாரின் கூரைக்கு மேலே, அகிலாவின் வீட்டில், யாரோ நடக்கத் தொடங்கினார்கள், அறை அறையாக, பெயர் சொல்லிக் கூப்பிடாமல், நடை நின்றது, அகிலாவின் அழுகையும் நின்றது, அப்புறம் கிதார் கேட்டது, நிதானமாக, தாளம் பிசகாமல்.