இடது காதில் இருந்த பாடகி

1

இந்தக் கதை ஒரு செத்துப்போன ஹெட்போனிலிருந்து வந்தது. என்னுடையதுதான். வலது பக்கம் பாடும், இடது பக்கம் பாடாது. எத்தனை நாளாக அப்படி என்று எனக்கே தெரியவில்லை. அந்த வெட்கத்தைத் தனியாகச் சுமக்க அலுப்பாக இருந்ததால், ஓர் ஆளை உண்டாக்கி அவர் தலையில் கட்டிவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் அவர்"

வேண்டாம். இந்த வகை இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் மழையில்தான் தொடங்குகிறார்கள். அடுத்தது: "இசை என்பது"

அதுவும் வேண்டாம். 'என்பது' என்று ஆரம்பித்த எதையும் நான் உருப்படியாக முடித்ததில்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில், புகார் கேட்கும் மேஜையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வயது நாற்பத்தாறு. பதினோரு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு, "யாரும் கேட்காத ஐந்து" என்ற பட்டியலை இணையத்தில் போடுகிறார். புதிதாகக் கிளம்பும் இசைக்குழுக்கள் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி. இண்டி, ட்ரீம் பாப், போஸ்ட் பங்க் என்று அந்த உலகத்துக்கு உட்பிரிவுகள் உண்டு. (தெரியாதவர்களுக்கு: ட்ரீம் பாப்பில் எல்லாம் பனிமூட்டத்துக்குள் இருந்து கேட்கும். போஸ்ட் பங்க்கில் டிரம்ஸ் கோபமாக இருக்கும், பாடுகிறவர் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரிப் பேசுவார். இண்டி என்றால், இரண்டையும் சொந்த அறையில் பதிவு செய்தவர்கள்.)

அந்த வட்டாரத்தில் அவரைப் பட்டியல்காரர் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

2

வாரத்துக்கு இருநூறு பாட்டு வரும். ஒவ்வொன்றுக்கும் நாற்பது நொடிதான். அதற்குள் பிடிக்காவிட்டால் அடுத்தது. முன்பெல்லாம் முழுசாகக் கேட்டார். இப்போது முடியவில்லை. சலித்துவிட்டது என்று அவர் ஒப்புக்கொள்ள மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்: சலித்துவிட்டது.

வேலை நேரத்தில் இடது காது போனுக்கு, வலது காது பாட்டுக்கு. ஒரு பக்கம் "சார், மூணாவது மாடியில நின்னுபோச்சு, உள்ள ஆள் இருக்கு" என்று யாரோ சொல்லிக்கொண்டிருப்பார்கள், மறுபக்கம் கிட்டார் அழுதுகொண்டிருக்கும். இந்தப் பழக்கத்தால்தான் ஹெட்போனின் இடது பக்கம் போனது அவருக்குத் தெரியாமலே இருந்தது. வீட்டில் ஸ்பீக்கரில் போட வழியில்லை. "இந்த இழவு வீட்டுப் பாட்ட உங்க காதோட வச்சுக்கோங்க" என்று மனைவி எப்போதோ தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது.

(இங்கே அவரைப் பாவம் என்று காட்ட எனக்குக் கை பரபரக்கிறது. பாவம் அவரில்லை. அவசரப்படாதீர்கள், பாவப்பட்டவள் வருகிறாள்.)

3

பன்னிரண்டு வாரம் முன்னால் ஈரச்சுவர் என்ற குழுவின் முதல் பாட்டு வந்தது. ஒரு கிட்டார்க்காரன், ஒரு டிரம்ஸ்காரன், பாட ஒரு பெண். பட்டியல்காரர் கேட்டார். கிட்டார் இருந்தது, டிரம்ஸ் இருந்தது, குரல் மட்டும் இல்லை. எங்கோ அதன் எதிரொலி கேட்டது, அவ்வளவுதான். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாற்பது நொடியைத் தாண்டி முழுப் பாட்டையும் கேட்டார். பல மாதம் கழித்து அப்படி ஒன்று நடந்தது. பிறகு எழுதினார்:

"இவர்கள் பாடகியை நமக்குத் தரவில்லை. அவள் பாடிவிட்டுப் போன அறையை மட்டும் தருகிறார்கள். என்ன துணிச்சல்."

நல்ல வரி. (நான்தானே எழுதினேன், பெருமைப்படக் கூடாதா.) அந்தச் சின்ன உலகம் முழுக்க அந்த வரி சுற்றியது. ஈரச்சுவர் அதை நம்பிவிட்டது. இரண்டாவது பாட்டில் குரலை இன்னும் உள்ளே தள்ளினார்கள். நேற்று, வியாழக்கிழமை, ஓர் அறிவிப்பு: "இனி நாங்கள் இருவர். சனிக்கிழமை முதல் ஆல்பம் பதிவு." அதற்கு மேலே, கொட்டை எழுத்தில், அவருடைய வரி.

அவர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார், மனைவியிடமும் காட்டினார். இதை மறைக்க நினைத்தேன், மனசு வரவில்லை.

4

இன்று வெள்ளி. அவர் வீட்டிலிருந்து வேலை. காலையில் ஆன்லைன் பயிற்சி ஒன்றுக்காக மனைவி அவருடைய ஹெட்போனை வாங்கி மாட்டினாள். ஒரு நிமிஷத்தில் கழற்றிவிட்டாள்.

"ஏங்க, இதுல இடது பக்கம் வரவே இல்லையே. எத்தன நாளா இப்படி?"

"வருதே."

"எங்க வருது? இந்தாங்க, போட்டுப் பாருங்க."

அவர் போட்டுப் பார்த்தார். பிறகு திருப்பிப் போட்டுப் பார்த்தார். பிறகு மகளின் ஹெட்போனை எடுத்துவந்து, ஏனோ ஈரச்சுவரின் முதல் பாட்டைத்தான் போட்டார்.

இடது பக்கம் அவள் இருந்தாள். காதுக்கு அருகிலேயே, மூச்சு வாங்குவது கேட்கிற தூரத்தில், கொஞ்சம் தொண்டை கட்டின குரலில் பாடிக்கொண்டிருந்தாள். "சாவிய எடுத்தியா, கதவச் சாத்துனியா, போனா ஒரு வார்த்த சொல்லுவியா" என்று. வலது பக்கம் வந்தது அதன் எதிரொலி மட்டும். அவர் புகழ்ந்தது அதைத்தான்.

அஞ்சல்பெட்டியில் தேடினார். அவள் அனுப்பி, பதினோரு வாரமாகத் திறக்காத ஒரு மெயில் இருந்தது. நன்றி மெயில் என்று விட்டுவைத்தது.

"சார், நீங்க எழுதினதுக்கு நன்றி. ஒண்ணு கேக்கணும். என் குரல் அவ்ளோ தள்ளியா இருக்கு? நான் மைக்க வாய்க்கிட்ட வச்சுக்கிட்டுத்தான் பாடினேன்."

உடனே பதில் எழுத உட்கார்ந்தார். "அம்மா, தொழில்நுட்பக் காரணங்களால்" (அடித்தார்.) "கலை என்று பார்த்தால்" (அடித்தார்.) "இல்லம்மா. பக்கத்துலதான் இருக்கு. தப்பு என்னோடது."

பின்னால் நின்று படித்த மனைவி சொன்னாள். "அவளுக்கு எழுதி என்ன ஆகப்போகுது? அவ குரல் எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியாதா?"

"வேற என்ன செய்யச் சொல்ற?"

"ஊரே படிக்கிற எடத்துலதான எழுதினீங்க. அங்கயே எழுதுங்க."

"பதினோரு வருஷம், தெரியுமா. ஒத்தக் காதாலதான் கேட்டேன்னு எழுதினா, அதுக்கப்புறம் எவன் நம்புவான்?"

"அந்தப் பொண்ணு பாடவே வேணாம்னு அவங்க நம்பிட்டாங்களே, அதுக்கு என்ன செய்யறது?" என்று சொல்லிவிட்டுப் பயிற்சிக்குப் போனாள், மகளின் ஹெட்போனோடு.

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவர் திருத்தம் போடுகிறார், குழு அவளைத் திரும்பக் கூப்பிடுகிறது, கைதட்டல். சினிமா. கிழித்துவிட்டேன். இன்னொன்றில் புது ஹெட்போன் வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார். அது நடக்கக்கூடியது, அதனாலேயே அதை எழுதக் கை வரவில்லை. மூன்றாவதில் பாடகி தனியாகவே ஆல்பம் போட்டுப் பெரிய ஆளாகிறாள். அது என் குற்றவுணர்ச்சி எழுதியது, அவளுக்கும் கதைக்கும் அதில் சம்பந்தமில்லை.

எனக்கு அசதியாக இருக்கிறது. அவருக்கும்தான்.

மணி மூன்று ஐம்பது. இந்த வாரப் பட்டியலில் நான்கு இடம் நிரம்பிவிட்டது. நாளைக் காலை ஸ்டுடியோவில் இரண்டு மைக் வைப்பார்கள். மூன்றாவது வைக்கச் சொல்ல இந்த ஐந்தாவது இடம்தான் இருக்கிறது. அவர் ஒரு வரி தொடங்கிவிட்டு, கையை எடுத்துவிட்டார். நான் தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. மிச்ச வரியை எழுத நீங்கள் வாருங்கள். இரண்டு காதாலும் கேட்டவர் இப்போது நீங்கள்தான்.

5. ஈரச்சுவர். பன்னிரண்டு வாரம் முன்னால் இதே இடத்தில், இவர்களுடைய பாடகியைப் பற்றி நான் எழுதியது